இலோங்கோ ஊர்களில் ஆறு நாள்

புறப்படும் முன், சிங்கப்பூர்

எங்கள் புளோக்கில் நாலு வீடு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. பால் போத்தல் காலியானதும் அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு "வாரா, வாரா" என்று கத்தும். தாத்தா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "வாரா என்றால் வராது என்று பொருள். பழந்தமிழ் எதிர்மறை, கேட்டீர்களா!" என்று லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குப் பிலிப்பைன்ஸில் இலோயிலோ மாகாணம். நான் ஒரு வாரம் அந்தப் பக்கம் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே சாக்லெட், ஆறு புட்டி கோடாலித் தைலம், ஒரு ஜோடி செருப்பு. மியாகாவ் என்ற ஊரில் இருக்கும் அவருடைய அம்மாவிடம் சேர்க்க வேண்டும்.

"உங்கள் ஊரில் என்ன மொழி அக்கா?" என்றேன்.

"இலோங்கோ. ஆனால் அது மொழி இல்லை தம்பி, டயலெக்ட்தான். மொழி என்றால் தகாலோக், இங்கிலீஷ்."

தமிழ் வீட்டில் நாலு வருஷம் இருந்ததில் "தம்பி" மட்டும் அவருக்குச் சரளமாக வரும். டயலெக்ட் என்றதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, இன்றைக்கு வெயில் என்பது போலச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. கூடவே இன்னொன்றும் சொன்னார். சிங்கப்பூர் வருவதற்கு முன் மணிலாவில் மூன்று வீடுகளில் வேலை பார்த்தாராம். மூன்று வீட்டிலும் பெயரைக் கேட்கவே இல்லையாம். தெற்கிலிருந்து வந்த வேலைக்காரப் பெண் என்றால் அங்கே "இன்டாய்"தானாம்.

நாள் 1, இலோயிலோ நகரம்

மூன்றரை மணி நேரப் பறப்பு. விமான நிலையம் நகரத்தில் இல்லை, கபாத்துவான் என்ற ஊரில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 2007-இல் திறந்தார்கள். பெட்டி எடுத்து வெளியே வரும் வரை எழுத்தில் இருந்ததெல்லாம் ஆங்கிலம், அங்கங்கே கொஞ்சம் தகாலோக், மணிலாப் பக்கத்து மொழி. காதில் விழுந்ததோ வேறு. நகரத்துக்குள் வந்த பிறகும் இதே கதைதான். கடைப் பலகையை மட்டும் படித்துக்கொண்டு போனால் இங்கே இப்படி ஒரு மொழி இருப்பதே தெரியாது.

தெரிய வேண்டுமானால் ஜீப்னியில் ஏற வேண்டும். நம் ஷேர் ஆட்டோவை நாலு மடங்கு இழுத்து நீட்டினது போல ஒரு வண்டி, பின்பக்கம் ஏறி எதிரெதிர் பெஞ்சில் உட்கார வேண்டும். டவுன் பஸ்ஸில் சில்லறை கைமாறிப் போகுமே, அப்படியே இங்கேயும் போகிறது, ஒவ்வொரு கைக்கும் ஒரு "பாலிஹோக்". தயவுசெய்து என்று பொருள். இறங்குகிற இடத்தில் நான் படித்து வைத்திருந்த தகாலோக்கில் "பாரா போ!" என்றேன். வண்டி நின்றது. ஆனால் எதிரே இருந்த பாட்டி என் முழங்காலைத் தட்டி, "சா லுகார் லாங்" என்று திருத்தினார். 'இடத்தில் மட்டும்' என்பதுதான் சொல்லுக்குச் சொல் அர்த்தம். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சாயங்காலம் திரும்பும்போது சரியாகச் சொன்னேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் பாஸ் மார்க்.

நான் போனபோது கட்டணம் 13 பெசோ. அதை "ட்ரேசே" என்கிறார்கள், ஸ்பானிய எண். பணத்துக்கும் மணிக்கும் ஸ்பானியம்; பிள்ளைகளையோ தேங்காயையோ எண்ணும்போது சொந்த எண்: இசா, துஹா, தத்லோ, அபாட், லிமா. மலாயில் துவா, லிமா என்று எண்ணிப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். எல்லாம் ஆஸ்திரோனேசியக் குடும்பம்தான், தைவான் பழங்குடிகளிலிருந்து மடகாஸ்கர் வரை பரவிக் கிடக்கும் அதே குடும்பம்.

பெயர் விவகாரத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன், பின்னால் குழப்பும். மொழியின் பெயர் ஹிலிகைனோன். ஊரில் சாதாரணமாகச் சொல்வது இலோங்கோ. இலோயிலோ என்ற ஊர்ப்பெயரே 'இரோங்-இரோங்' என்ற மூக்கு வடிவ நிலத்துண்டிலிருந்து வந்தது என்கிறார்கள். ஹிலிகைனோன் என்பதை 'இலிக்', அதாவது ஆற்றோடு ஓடுவது, என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம்: ஆறு கடலில் சேரும் இடத்து மக்கள். செபுவானோ, வாராய், அக்லானோன், கினாராய்-ஆ எல்லாம் இதற்கு அக்கா தங்கைகள். மொத்தமாக விசாய மொழிகள் என்பார்கள்.

2020 கணக்கெடுப்பில் வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நூறு வீட்டுக்கு ஏறக்குறைய 40 தகாலோக், 16 'பிசாயா', 7 இலோங்கோ, மயிரிழையில் அடுத்தது இலோக்கானோ, அதற்கடுத்து செபுவானோ. பிசாயா என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் பேசுவது செபுவானோதான், ஆனால் இரண்டும் தனித்தனி வரியில் நிற்கின்றன. மொழிக்கு என்ன பெயர் என்பதில் ஊராரே ஒத்துப்போகாவிட்டால் கணக்கெடுப்பவர் என்ன செய்வார், பாவம்.

நாள் 2, லா பாஸும் ஹாரோவும்

காலையில் லா பாஸ் சந்தை, பச்சோய். நூடுல்ஸின் மேல் பன்றி ஈரல், குடல், நொறுக்கிய பன்றித்தோல் வறுவல், வறுத்த பூண்டு. அதற்கு மேல் எலும்புச் சாறு கொதிக்கக் கொதிக்க. சாற்றில் இறால் விழுதின் வாடை லேசாக. கண்டுபிடித்தது யார் என்பதில் கடைகளுக்குள் பல காலச் சண்டை. தொட்டுக்கொள்ள 'புத்தோ' வைத்தார்கள், அரிசிமாவில் ஆவியில் வேகவைத்தது. மலாய் 'புட்டு' வழியாக நம் புட்டுதான் இங்கே வந்தது என்பார்கள். வாயில் வைத்தால் புட்டை விட இனிப்பு இட்லிக்குத்தான் நெருக்கம். 2023-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக்கான படைப்பு நகரமாகச் சேர்த்துக்கொண்டது. கடைக்கார அம்மா அதைப் பற்றிக் கேட்டதற்கு, "விலையை ஏற்றலாமா என்றுதான் பார்க்கிறேன்" என்றார்.

என் மேசையில் மணிலாவிலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவர் பேச்சுப் பிரியர். "இவர்கள் மொழி ரொம்ப இனிமை. திட்டினால்கூடக் கொஞ்சுவது போல இருக்கும்" என்றார். நாடு முழுக்க இலோங்கோக்காரர்களைப் பற்றி இதைத்தான் சொல்கிறார்கள். வாக்கியத்தின் கடைசியில் குரல் மெல்ல ஏறி இழுபடுவது எனக்கும் கேட்டது. ஆனால் அவர்கள் போன பிறகு கடைக்கார அம்மா சொன்னது வேறு: "வாடகை விஷயமாக நான் கத்தினாலும் 'எவ்வளவு இனிமையாகப் பேசுகிறீர்கள்' என்கிறார்கள். அப்புறம் எப்படி வாடகை குறையும்?"

அந்த மணிலாக்காரருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். அவர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் வீட்டை 'பஹாய்' என்றார், கடைக்கார அம்மா 'பலாய்' என்றார். சாலை அவருக்கு 'தாஆன்', இவருக்கு 'தலான்'. நிலா அவருக்கு 'புவான்', இவருக்கு 'புலான்'. நடுவில் இருந்த ல-வைத் தகாலோக் தின்றுவிட்டது, ஹிலிகைனோன் வைத்திருக்கிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தெருப் பலகையில் 'ஜலான்' என்று தினம் படிக்கிற எனக்குத் தகாலோக்கை விட இந்தத் தலான் பக்கத்து வீட்டுச் சொல்லாகத் தெரிந்தது. தேசிய மொழியின் 'கொச்சை' வடிவம் இது என்று நினைக்கிறவர்கள் இங்கேயே உண்டு. இந்த மூன்று சொல்லிலும் பழைய உருவம் கொச்சை என்கிற பக்கத்தில்தான் இருக்கிறது.

'நமிட் கிட்' என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நமிட் என்றால் ருசி. 'கிட்' என்பதை அகராதிகள் 'மிக' என்கின்றன, அது போதாது. "நல்லாவே இருக்கு" என்கிறோமே, அந்த 'வே' செய்கிற வேலையை இது செய்கிறது.

பிற்பகல் ஹாரோ. மணிக்கூண்டு ஒரு பக்கமும் அதன் தேவாலயம் சாலைக்கு அந்தப் பக்கமும் நிற்கின்றன. பூங்காவில் கிராசியானோ லோபெஸ் ஹாயெனா சிலை. 1856-இல் இந்த ஹாரோவில் பிறந்தவர், 1889-இல் பார்சிலோனாவில் 'லா சொலிதாரிதாத்' பத்திரிகையைத் தொடங்கியவர், எழுதியது ஸ்பானியத்தில். அதே ஹாரோவில் 1891-இல் பிறந்த மக்தலேனா ஹலன்டோனி 1978-இல் சாகும் வரை ஹிலிகைனோனில் நாவல் நாவலாக எழுதிக்கொண்டிருந்தார். சிலைக்குக் கீழே படம் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்களிடம் அந்த அம்மாளின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவனுக்குத் தெரிந்திருந்தது, அதுவும் தெருப் பெயராக.

இந்த மொழி 'டயலெக்ட்' ஆன கதையில் ஒரு தேதி முக்கியம். 1937 டிசம்பர் 30. தேசிய மொழிக்குத் தகாலோக்கே அடிப்படை என்று அதிபர் கேசோன் அன்றுதான் அறிவித்தார். பரிந்துரைத்த குழுவில், இலோயிலோ இருக்கும் பனாய்த் தீவின் மொழிக்கும் ஓர் உறுப்பினர் இருந்தார், குழுத் தலைவரே விசாயக்காரர். வெளியிலிருந்து யாரும் வந்து திணித்துவிட்டுப் போனதாகச் சொல்ல முடியாது. 1987 அரசியல் சட்டத்தில் வட்டார மொழிகள் அந்தந்த வட்டாரத்தில் துணை ஆட்சிமொழிகள். துணை என்பதன் நடைமுறை அர்த்தம் நேற்று விமான நிலையத்தில் பார்த்ததுதான்.

சந்தையில் டி-சட்டை வாங்கினேன். நெஞ்சில் 'பலாங்கா தா கா' என்று எழுதியிருக்கிறது. உன்மேல் பிரியமாக இருக்கிறேன். இதில் 'நான்' என்று தனியாக எழுந்து நிற்கும் சொல் எதுவும் கிடையாது. 'தா' என்பது என்னால், 'கா' என்பது நீ. என்னால் பிரியம் வைக்கப்பட்டவள் நீ என்று, பிரியம் பெறுகிறவரே வாக்கியத்தின் தலைமை இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நாள் 3, கிமராஸ்

படகில் கால் மணி நேரம்தான். இறங்கும் துறை ஹோர்தான். எழுத்தில் ஜோர்டான் என்று பார்த்துவிட்டு அப்படியே கேட்டால் யாருக்கும் புரியாது.

கிமராஸ் என்றால் மாம்பழம். வெளி மாம்பழத்தைத் தீவுக்குள் கொண்டுவரவே கூடாது, பூச்சி வந்துவிடும் என்று தடை. பிலிப்பைன்ஸில் புவிசார் குறியீடு முதன்முதலில் கிடைத்தது இந்தப் பழத்துக்குத்தான், 2023-இல்.

நான் வேறு ஒரு கர்வத்தோடு போயிருந்தேன். தகாலோக்கில் மாம்பழம் 'மங்கா'. நம் மாங்காய் மலாய்க்குப் போய், அங்கிருந்து தீவு தாண்டி வந்த சொல். ஆக, சாலையோரக் கடையில் பழத்தைக் கையில் எடுத்து, சொந்தக்காரன் தோரணையில் "மங்கா?" என்றேன்.

அந்தப் பெண்மணி என் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மங்கா? தகாலோக் இனா. பஹோ இனி."

மங்கா என்பது தகாலோக், இது பஹோ.

ஏப்ரல் வெயிலில் அங்கேயே நின்று மூன்று பஹோ தின்றேன். நார் கிடையாது, கொட்டை தட்டை, இனிப்பு தொண்டையைப் பிடிக்கிற அளவு. பஹோ என்பது விசாயத் தீவுகளின் சொந்தச் சொல். என் பாட்டன் சொல் மணிலா வரை போயிற்று, கிமராஸில் மட்டும் படகை விட்டு இறங்க முடியவில்லை. முழுத் தோல்வி என்றும் சொல்ல மாட்டேன். இங்கே வருஷா வருஷம் நடக்கும் மாம்பழ விழாவின் பெயர் 'மங்காஹான்'. தின்பதற்குப் பஹோ, சுற்றுலாவுக்கு மங்கா.

"மங்கா எங்கள் சொல்" என்று அந்த அம்மாவிடம் சொல்லியும் பார்த்தேன். "ஆமோ காலி!" என்று வியந்தார். 'ஓ, அப்படியா சங்கதி' என்பதற்கு இங்கே அப்படிச் சொல்கிறார்கள். நம் 'ஆமா'வுக்கும் இந்த ஆமோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வெறும் தற்செயல். ஆனால் அந்த நேரத்தில் ஆறுதலாக இருந்தது.

நாள் 4, மியாகாவ்

பொட்டலம் கொடுக்கும் நாள். நகரத்திலிருந்து தென்மேற்கே 40 கிலோமீட்டர், கடலை ஒட்டியே பாதை. ஊர் நடுவில் மஞ்சள் கல்லில் தேவாலயம், 1797-இல் முடித்தது, 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். முகப்பில் குழந்தை ஏசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்டோபர் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் பப்பாளி, கொய்யா. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் வீட்டுக்குப் போகிறேன்.

அக்காவின் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். 'நானாய்' என்று கூப்பிட்டேன், அம்மா என்று அர்த்தம். என்னை அவர் 'தோத்தோ' ஆக்கிக்கொண்டார், பையா என்பது போல. மூன்று நாளில் பொறுக்கிய ஹிலிகைனோனில் "மாயோங் உத்தோ", நண்பகல் வணக்கம், என்றேன். அவரும் அதே மொழியில் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துத் திரும்பி மடமடவென்று பேசினார். அந்தப் பேச்சில் நான் கற்றிருந்த எதுவும் இல்லை. ர ர-வென்று உருண்டது.

மதியம் சாப்பாடு போட்டார். காத்யோஸ், பாபோய், லங்கா: துவரை, பன்றிக்கறி, பலாக்காய். மூன்றின் பெயரும் சேர்ந்ததே குழம்பின் பெயர். துவரையை முழுசாக, கறுப்பாகப் போட்டிருந்தார், குழம்பு மொத்தமும் கத்தரிப்பூ நிறம். புளிப்புக்கு 'பட்வான்' என்று ஒரு காய். கடித்துப் பார்த்தேன். நம் குடம்புளிக்கு ஒன்றுவிட்ட தங்கை, தாவரவியலிலும் ஒரே பேரினம்தான்.

செருப்பைப் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. "அக்காவிடம் வீடியோவில் பேசலாமா, உங்களிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?" என்று சைகையோடு கேட்டேன். நானாய் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கவிழ்த்தார்.

"வாரா!"

நான் சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவரிடம் கேட்டேன். "வாரா என்றால் இல்லை. நகரத்தில் 'வாலா' என்பார்கள். இது கினாராய்-ஆ." மழை நகரத்தில் 'உலான்', இங்கே 'உரான்'. நகரத்து ல பல இடங்களில் இங்கே ர.

அக்கா இலோங்கோ என்றாரே?

"வெளியே அப்படித்தான் சொல்வோம். இலோங்கோ என்றால் நாலு பேருக்குத் தெரியும். கராய்-ஆ என்று சொன்னால் அது என்ன என்று முதலிலிருந்து விளக்க வேண்டும். நகரத்தில் இதைப் பேசினால் மலைக்காட்டிலிருந்து வந்தவள் என்று நினைப்பார்கள்" என்றார் ஆசிரியை.

'இராயா' என்றால் ஆற்றின் மேல்பக்கம். மேல்பக்கத்தார் பேச்சு கினாராய்-ஆ. கீழ்ப்பக்கத்தார் பேச்சு ஹிலிகைனோன். ஒரே ஆற்றின் இரண்டு முனை. அன்டிகே மாகாணம் முழுக்கவும் இலோயிலோவின் உள்ளூர்களிலும் கினாராய்-ஆதான். 17-ஆம் நூற்றாண்டில் மென்ட்ரிடா என்ற அகஸ்டின் சபைத் துறவி விசாய அகராதி செய்தபோது தலைப்பிலேயே இரண்டையும் தனித்தனியாகக் குறித்தார்: ஹிலிகைனோன், ஹராயா. துறைமுகத்தில் வியாபாரம் பெருகப் பெருக ஆற்று முகத்துப் பேச்சு பெரிய பேச்சாயிற்று.

ஆசிரியை எனக்கு ஒரு பரீட்சை வைத்தார். ஆறு என்ற எண். தகாலோக்கில் 'அனிம்'. ஹிலிகைனோனில் 'அனும்'. கினாராய்-ஆவில் இரண்டுக்கும் நடுவே ஓர் உயிர். 'அனெம்' என்றேன், தலையாட்டினார், இல்லை. 'அனம்', அதுவும் இல்லை. அப்புறம் எதேச்சையாக 'பாக்கு' என்பதன் கடைசி உகரத்தை, உதட்டைக் குவிக்காமல் சொல்லுகிற அந்த உகரத்தை, நடுவில் நுழைத்தேன். "அதேதான்!" என்று கைதட்டினார். மணிலாக்காரர்களுக்கு இது வரவே வராதாம். அரிசியும் இப்படித்தான், 'பிகாஸ்', 'புகாஸ்', நடுவில் இவர்களுடையது. மூலத்தில் எல்லோருக்கும் இந்த நடு உயிர்தான் இருந்தது. தகாலோக் அதை இ ஆக்கிக்கொண்டது, ஹிலிகைனோன் உ ஆக்கிக்கொண்டது, மலைக்காட்டுப் பேச்சு என்று சிரிக்கப்படுவது அப்படியே வைத்திருக்கிறது. முந்தாநாள் ல விஷயத்தில் தகாலோக்கைப் பார்த்து நான் என்ன நினைத்தேனோ, அதை இவர்கள் இலோங்கோவைப் பார்த்து நினைக்கலாம்.

பள்ளியைப் பற்றிக் கேட்டேன். 2012 முதல் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழிவழிக் கல்வி வந்தது. முதல் பட்டியலில் பன்னிரண்டு மொழி, ஹிலிகைனோன் உண்டு, கினாராய்-ஆ இல்லை. பிறகு பத்தொன்பது ஆக்கியபோது கினாராய்-ஆவும் சேர்ந்தது. "எனக்குக் கிடைத்த புத்தகம் ஹிலிகைனோனில் இருந்தது. தாய்மொழிப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்" என்று சிரித்தார். 2024 அக்டோபரில் வந்த 12027-ஆம் சட்டம் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டது. மறுபடியும் தகாலோக் அடிப்படையிலான தேசிய மொழி பிலிப்பினோவும் ஆங்கிலமும். சந்தோஷமா வருத்தமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

கிளம்பும்போது நானாய் என் போனில் மகளுக்கு ஒரு குரல் செய்தி பேசினார். முதல் சொல் "இன்டாய்". மணிலாவில் வேலைக்காரியின் பெயராகிவிட்ட அதே சொல். இங்கே மகளை, வீட்டுப் பெண்ணை, செல்லமாகவும் மதிப்பாகவும் கூப்பிடுவது. கடைசி வாக்கியம் எனக்கே புரிந்தது: "பலாங்கா தா காவ்." என் டி-சட்டையில் இருப்பது 'கா'.

நாள் 5, பகோலோட்

பகோலோட் எதிரே நெக்ரோஸ் தீவில் இருக்கிறது. நீரிணையைக் கடக்க வேகப் படகில் ஒன்றரை மணி நேரம். கடல் நடுவில் மாகாணமும் தீவும் மாறுகின்றன, மொழி மாறவில்லை. இதற்குக் காரணம் துணி.

நேற்று மியாகாவில் தறிச் சத்தம் கேட்டேன், 'ஹப்லோன்' நெய்கிறார்கள். ஒரு காலத்தில் இலோயிலோவே நெசவு ஊர்தான். 1855-இல் துறைமுகம் உலக வியாபாரத்துக்குத் திறந்தது. அடுத்த வருஷம் நிக்கோலஸ் லோனி என்ற பிரிட்டிஷ் துணைத் தூதர் வந்து இறங்கினார். இங்கிலாந்து ஆலைத் துணி மலிவாக உள்ளே வந்தது, அதே கப்பல்கள் திரும்பிப் போகும்போது சர்க்கரை ஏற்றிக்கொண்டன. தறி படுத்தது. பணம் இருந்தவர்கள் எதிரே இருந்த நெக்ரோஸ் தீவில் காடு வெட்டிக் கரும்பு போட்டார்கள். ஆலைத்துணி வந்து தறி நின்ற கதையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே அது ஒரு மொழியையும் கடல் தாண்ட வைத்தது. பின்னர் 1939 முதல் தெற்கே மின்டனாவோ தீவின் கோரோனடால் பள்ளத்தாக்கில் அரசே குடியேற்றம் நடத்தியபோது இலோங்கோக்காரர்கள் அங்கும் போனார்கள். அங்கே தெற்குக் கோத்தபாத்தோ மாகாணத்தில் இன்றும் பெரும்பான்மைப் பேச்சு ஹிலிகைனோன்தான்.

கரும்பு வெட்ட வருடா வருடம் ஆள் வந்தது அன்டிகேயிலிருந்து. 'சகாடா' என்பார்கள். தோட்ட முதலாளி பேசியது ஸ்பானியமும் ஹிலிகைனோனும். வெட்டியவர்கள் பேசியது கினாராய்-ஆ.

இரவு இனசால், கரிக்கோழி. எலுமிச்சைப்புல், கலமன்சி, மேலே செம்மஞ்சள் எண்ணெய் தடவித் தடவிச் சுடுகிறார்கள். வாலடித் துண்டைக் கம்பியில் கோத்துத் தனியாக விற்கிறார்கள், பெயர் 'இசோல்'. கொழுப்பு. இரண்டு வாங்கினேன், இன்னும் இரண்டு வாங்கியிருக்கலாம்.

நாள் 6, துமகெட்டே

நெக்ரோஸ் தீவின் மேற்கில் ஹிலிகைனோன், கிழக்கில் செபுவானோ. நடுவில் மலை. 2024-இல் இரண்டு மாகாணத்தையும், கூடவே சிக்கிஹோர் தீவையும் சேர்த்து ஒரே வட்டாரமாக்கிவிட்டார்கள். பேச்சு அதனால் ஒன்றாகிவிடவில்லை. இதை இன்று காசு கொடுத்துக் கற்றேன்.

காலையில் பகோலோட் பேருந்து நிலையத்தில் என் புது மொழியில் "சான்-ஓ?" என்று கேட்டேன், எப்போது கிளம்பும்? "காரோன்" என்றார் நடத்துனர். அவசரம் போல் தெரிந்ததால் பாதிக் காபியை விட்டுவிட்டு ஓடி ஏறினேன். வண்டி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நகர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரர் விளக்கினார்: காரோன் என்றால் அப்புறம். இப்போது என்பதற்கு 'சுபோங்'. சரி, குறித்துக்கொண்டேன்.

கபன்கலான் தாண்டி மலை ஏறி, மபினாய் வந்ததும் பேருந்துக்குள் ஏறுகிறவர்களின் பேச்சு மாறியது. 'என்ன' என்பதற்கு 'அனோ' போய் 'உன்சா' வந்தது, ருசிக்கு நமிட் போய் 'லாமி' வந்தது. நடத்துனர் ஒரு வளைவில் கூட மூச்சு வாங்காமல் அடுத்த மொழிக்குப் போய்விட்டார்.

துமகெட்டேயில் தங்கும் இடத்துக்குப் போக ஒரு வேன். ஓட்டுநரிடம் எப்போது என்று கேட்டேன். "காரோன்" என்றார். எனக்குத்தான் தெரியுமே. நிதானமாகக் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து ஓர் இளநீர் குடித்தேன். திரும்பிப் பார்த்தால் வேன் இல்லை. செபுவானோவில் காரோன் என்றால் இப்போது.

மூன்று கிலோமீட்டர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அக்காவுக்கு வாங்கிய பிஸ்கோச்சோ ரொட்டி நல்லவேளை நொறுங்கவில்லை.

திரும்பிய பிறகு, சிங்கப்பூர்

நேற்றுச் சாயங்காலம் கீழ்த்தளத்து ஊஞ்சல் பக்கத்தில் அக்காவிடம் அந்தக் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். அப்புறம் என் போனிலேயே பதில் பேசினார். நாலு வருஷமாக நான் கேட்ட அக்காவின் குரல் இல்லை அது. ர உருண்டது, நடு உயிர் வந்தது, வேகம் இரண்டு மடங்கு.

"இது இலோங்கோவா அக்கா?"

பிடிபட்டுவிட்டவர் போலச் சிரித்தார். "கராய்-ஆ, தம்பி."

"அதுவும் டயலெக்ட்தானா?"

"அது டயலெக்ட்டுக்கு டயலெக்ட்."

பாப்பா ஊஞ்சலிலிருந்து இறங்கிவந்து போத்தலைக் கவிழ்த்துக் காட்டியது. "வாரா!" பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தா நிமிர்ந்தார். "பார்த்தீர்களா, மறுபடியும்! எதிர்மறை!"

நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லிவிடலாமா?

"வேண்டாம் தம்பி, பாவம்" என்று முணுமுணுத்துவிட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு லிஃப்டைப் பார்க்க நடந்தார்.